சுவத்துல ஆணி அடிக்கக் கூடாதா? சீலிங்கில் தொங்கவிடலாம்... ஆனா அதுக்கு முன்னாடி இதைப் படிங்க!

தாம்பரம், சேலையூர், குரோம்பேட்டை, மேடவாக்கம்... சென்னையின் தென் புறநகரில் எங்கே வாடகைக்கு வீடு பார்த்தாலும் சாவி கைக்கு வருவதற்கு முன்பே ஒரு வசனம் வந்துவிடும். “மத்ததெல்லாம் உங்க இஷ்டம் தம்பி, சுவத்துல ஆணி மட்டும் அடிச்சிடாதீங்க.” கல்யாண போட்டோ, தாத்தா படம், மகாபலிபுரத்தில் ஆசையாக வாங்கிய ஓவியம் எல்லாம் அதோடு அட்டைப் பெட்டிக்குள் போய்விடும். மூன்று வருடம் கழித்து வீடு மாறும்போது அதே பெட்டி, அதே டேப்போடு, அடுத்த வீட்டுப் பரணில் ஏறும்.

இதற்கு இப்போது பலர் கண்டுபிடித்திருக்கும் வழி, மேலே பார்ப்பது. சுவர்தானே கூடாது, சீலிங்கில் தொங்கவிட்டால் என்ன? மூங்கில் விளக்கு, பனையோலைக் குருவி, மணிகள் கோத்த சரம், ஃபிரேம் போட்ட படம் என எல்லாமே கம்பியில் இறங்கி வந்து அந்தரத்தில் நிற்கின்றன. பார்க்க அழகு. ஆனால் சுவரில் மாட்டுவதற்கும் சீலிங்கில் மாட்டுவதற்கும் உள்ள வித்தியாசம் தெரியாமல் செய்தால், ஒன்று தலைக்கு ஆபத்து, இல்லையென்றால் அட்வான்ஸுக்கு.

ஆணிக்கு ஏன் இவ்வளவு பயம்?

வீட்டு உரிமையாளர்கள் சும்மா சொல்வதில்லை. பழைய செங்கல் சுவரில் ஆணி அடித்தால் பிடித்துக்கொள்ளும். பெருங்களத்தூர், வண்டலூர், கூடுவாஞ்சேரி பக்கம் கடந்த பத்துப் பதினைந்து வருடங்களில் எழுந்த அடுக்குமாடிகளில் கதை வேறு. பல இடங்களில் சுவர் என்பது எடை குறைந்த ஏஏசி பிளாக் அல்லது உள்ளே பொந்து உள்ள ஹாலோ பிளாக். அறைகளுக்கு நடுவில் வருவது பெரும்பாலும் நாலு இஞ்ச் தடுப்புதான். சாதாரண ஆணியை அடித்தால் பூச்சு வட்டமாகப் பெயர்ந்து வரும், ஆணியும் ஆடும். இன்னொரு வகை, அலுமினிய அச்சு வைத்து சுவரையும் கான்கிரீட்டிலேயே வார்த்த மைவான் கட்டடங்கள். அங்கே ஆணி உள்ளேயே போகாது, வளைந்துகொண்டு பூச்சை மட்டும் கெடுக்கும்.

அப்புறம் அட்வான்ஸ் சமாசாரம். தமிழ்நாட்டில் வாடகை வீடுகளுக்கான 2017-ஆம் ஆண்டுச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. முன்பணம் மூன்று மாத வாடகையைத் தாண்டக் கூடாது என்கிறது அது. ஆனால் இரு தரப்பும் வேறு மாதிரி ஒப்பந்தம் போட்டுக்கொண்டால் அது செல்லும் என்ற ஓட்டையும் அதிலேயே இருக்கிறது. காலி செய்த ஒரு மாதத்துக்குள், வாடகைதாரர் தர வேண்டிய பாக்கியைக் கழித்துக்கொண்டு, மீதியைத் திருப்பித் தர வேண்டும். சுவருக்கு வெள்ளையடிப்பதை உரிமையாளரின் பொறுப்பாகத்தான் சட்டத்தின் அட்டவணை வைக்கிறது. நடைமுறையில் என்ன நடக்கிறது? “பெயின்டிங் சார்ஜ்” என்று ஒரு மாத வாடகை பிடிக்கப்படுகிறது, அதில் ஆணி ஓட்டைகள் எண்ணிக் காட்டப்படுகின்றன. இந்தச் சண்டையில் ஆணி ஒரு சாட்சி மட்டும்தான்.

இது வெளிநாட்டு ஃபேஷனா?

இல்லவே இல்லை. தமிழ் வீடுகளில் சுவரைவிட கூரைதான் அதிகம் வேலை பார்த்திருக்கிறது. பாலும் தயிரும் பூனைக்கும் எறும்புக்கும் எட்டாமல் இருக்க விட்டத்திலிருந்து உறி தொங்கியது. குழந்தைக்குச் சேலைத் தூளி. பூஜை அறையில் தூங்கா விளக்கு, கூடத்தில் ஊஞ்சல், வாசல் நிலைக்கு மேலே திருஷ்டிக்குக் கட்டிய படிகாரம். இன்றைக்கும் புது ஃப்ளாட்டில் குடியேறியதும் முதலில் தொங்கவிடப்படுவது கலைப்பொருள் இல்லை, பூசணிக்காய்தான்!

முட்டுக்காட்டில் 1996 முதல் இயங்கும் தட்சிணசித்ராவுக்குப் போனால் இதை நேரிலேயே பார்க்கலாம். தென்னிந்தியாவின் பல பகுதிகளிலிருந்து பழைய வீடுகளைப் பிரித்துக் கொண்டுவந்து மறுபடி கட்டி வைத்திருக்கிறார்கள். அந்த வீடுகளுக்குள் நின்று அண்ணாந்து பார்த்தால், உத்தரமும் விட்டமும் கண்ணுக்குத் தெரியும். எதை எங்கே கட்டலாம் என்று கூரையே சொல்லிவிடும். மெட்ராஸ் டெரஸ் என்று பெயர் எடுத்த பழைய சென்னை வீடுகளிலும் அப்படித்தான். தேக்கு விட்டங்களை வரிசையாகப் போட்டு, மேலே செங்கலைச் செங்குத்தாகச் சாய்வில் அடுக்கி, அதன்மேல் சுண்ணாம்புக் கலவை இறைத்த தளம். கொக்கி வேண்டுமென்றால் விட்டத்தில் திருகினால் போதும், சுவருக்குப் போக வேண்டிய அவசியமே இல்லை. கான்கிரீட் ஸ்லாப் வந்த பிறகு கூரை வெறும் வெள்ளைப் பலகையாகிவிட்டது. அதில் மிச்சம் இருக்கும் ஒரே கொக்கி ஃபேனுக்கானது.

கோயில்களில் இது பெரிய கலையாகவே வளர்ந்தது. தேரிலும் மண்டபத்திலும் தொங்கும் உருளை வடிவத் துணி அலங்காரமான தொம்பையைப் பார்க்காதவர்கள் குறைவு. 2021-இல் புவிசார் குறியீடு பெற்ற கருப்பூர் கலம்காரியில் தொம்பையோடு, மேலே விதானமாகக் கட்டும் ஓவியத் துணியும் உண்டு. அஸ்மானகிரி என்று அதற்குப் பெயர், ஆஸ்மான் என்றால் பாரசீகத்தில் வானம். அதாவது ஓவியத்தைச் சுவரில் மாட்டாமல் தலைக்கு மேலே கட்டும் வேலையைத் தஞ்சை வட்டாரக் கலைஞர்கள் தலைமுறைகளாகச் செய்துகொண்டிருக்கிறார்கள். தாம்பரத்தில் பஸ் ஏறி காஞ்சிபுரம் போனால், வரதராஜப் பெருமாள் கோயில் நூற்றுக்கால் மண்டபத்தின் மூலைகளில் கல் சங்கிலி தொங்குவதைப் பார்க்கலாம். வளையம் வளையமாகக் கோத்தது இல்லை, ஒரே கல்லில் செதுக்கியது. அந்தச் சிற்பிக்கு டிரில் மெஷின் பற்றி யாரும் பாடம் எடுத்திருக்க முடியாது.

ஐரோப்பிய, அமெரிக்க கலை உலகம் இதற்கு வந்து சேர்ந்தது போன நூற்றாண்டில். 1938-இல் பாரிஸில் நடந்த சர்ரியலிஸ்ட் கண்காட்சியில் மார்செல் துஷாம்ப் 1,200 நிலக்கரி மூட்டைகளைக் கூரையில் தொங்கவிட்டு, பார்க்க வந்தவர்களை மிரள வைத்தார். 1942-இல் நியூயார்க்கில் பெகி ககன்ஹைம் திறந்த காட்சிக்கூடத்தில், வடிவமைப்பாளர் ஃபிரடெரிக் கீஸ்லர் ஓவியங்களிலிருந்து ஃபிரேமையே கழற்றிவிட்டு, சுவரை விட்டு விலக்கி நாடாக்களில் மிதக்கவிட்டார். காற்றில் மெல்லச் சுழலும் சிற்பங்களுக்குப் பேர்போன அலெக்ஸாண்டர் கால்டர், 1955-இல் சாராபாய் குடும்பத்தின் அழைப்பில் அகமதாபாத்துக்கு வந்து தங்கிச் சில சிற்பங்களைச் செய்துவிட்டுப் போனார். குழந்தைத் தொட்டிலுக்கு மேலே நாம் கட்டும் கிலுகிலுப்பைக்கு ‘மொபைல்’ என்று பெயர் இருக்கிறதே, அது கால்டரின் சிற்பங்களுக்கு 1931-இல் துஷாம்ப் வைத்த பெயர்தான்.

சுவரில் ஆணி நிற்கும், சீலிங்கில் ஏன் நிற்காது?

இங்கேதான் நிறைய பேர் கோட்டை விடுகிறார்கள். சுவரில் படம் மாட்டும்போது எடை கீழ்நோக்கி இழுக்கிறது, ஆணியோ படுக்கைவசத்தில் இருக்கிறது. ஆணி வெளியே வர வேண்டுமானால் பக்கவாட்டில் உருவ வேண்டும். எடை அந்தத் திசையில் இழுப்பதில்லை. அதனால் ஓரளவு மோசமாக அடித்த ஆணிகூட வருடக்கணக்கில் நிற்கும்.

சீலிங்கில் எடை இழுக்கும் திசையும், ஆணி உருவி வரும் திசையும் ஒன்றே. பிடித்து வைத்திருப்பது உராய்வு மட்டும்தான். ஃபேன் ஓடும்போது பொருள் லேசாக ஆடிக்கொண்டே இருக்கும், ஒவ்வொரு ஆட்டத்துக்கும் பிடி கொஞ்சம் தளரும். சுவருக்குப் போடும் பிளாஸ்டிக் பிளக்கும் ஸ்க்ரூவும் சீலிங்கில் காகித நட்சத்திரத்துக்குச் சரி, கண்ணாடி ஃபிரேமுக்குச் சரியில்லை. உள்ளே போய் விரிந்து கான்கிரீட்டைக் கவ்வும் உலோக ஆங்கர் ஃபாஸ்னர் வேண்டும், நுனியில் கொக்கியோடு. ஹார்டுவேர் கடைகளில் “சீலிங்குக்கு ஆங்கர் ஹூக்” என்றாலே எடுத்துத் தருவார்கள். விலை பெரிய விஷயமில்லை. டிரில் போடுபவரின் கூலிதான் செலவு. ஈஞ்சம்பாக்கம், கானத்தூர் போல கடலோரத்தில் இருப்பவர்கள் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கேட்டு வாங்குவது நல்லது. உப்புக் காற்றில் சாதாரண இரும்பு துருப்பிடித்து, துரு நீர் சீலிங்கில் பழுப்பு வட்டம் போடும்.

ஒட்டும் கொக்கி? அந்த பாக்கெட்டில் போட்டிருக்கும் கிலோ கணக்கு பெரும்பாலும் வழுவழுப்பான சுவருக்குச் சொன்னது. சீலிங்கில் அடித்திருப்பதோ விலை குறைந்த வெள்ளை டிஸ்டெம்பர். பசை விடாது, டிஸ்டெம்பர்தான் உரிந்து வரும், அதுவும் ஐப்பசி ஈரத்தில் சீக்கிரமாகவே.

டிரில் போடும் முன்...

ஸ்லாப் என்பது வெறும் கான்கிரீட் இல்லை. பொதுவாக நாலிலிருந்து ஆறு இஞ்ச் தடிமன் இருக்கும். அடியிலிருந்து சுமார் 20 மில்லிமீட்டர் உள்ளே போனதுமே கம்பி. டிரில் திடீரென்று நின்று கீச்சிட்டால் கம்பியில் முட்டியிருக்கிறது என்று அர்த்தம். அமுக்காமல், இரண்டு இஞ்ச் தள்ளிப் போட வேண்டும். கம்பியை அறுப்பதுதான் உண்மையான சேதம். மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள வீடு என்றால் இன்னும் கவனம் தேவை. அங்கே கம்பி வெளியே தெரிந்து துருப்பிடித்தால் மழைக்காலத்தில் கதை கந்தலாகிவிடும்.

கம்பியைவிட ஆபத்தானது கரண்ட். சுவிட்ச் போர்டிலிருந்து ஃபேன் பாயின்டுக்கும் லைட் பாயின்டுக்கும் போகும் பைப், சென்ட்ரிங் போடும்போதே ஸ்லாப்புக்குள் புதைக்கப்பட்டது. வெளியே தெரியாது. போர்டுக்கு நேர் மேலே உள்ள இடத்திலிருந்து ஃபேனுக்கு மனதுக்குள் ஒரு கோடு போட்டுப் பாருங்கள். பைப் அந்தக் கோட்டில்தான் போகும் என்று உத்தரவாதம் இல்லை, ஆனால் அந்தக் கோட்டிலும் அதன் இரு பக்கமும் டிரில் போடாமல் இருப்பது புத்திசாலித்தனம். ஓட்டை போடும்போது மெயினை ஆஃப் செய்துவிட்டு, டிரில்லுக்குப் பக்கத்து வீட்டிலிருந்தோ படிக்கட்டுப் பாயின்டிலிருந்தோ லைன் எடுக்கும் எலக்ட்ரீஷியன்கள் உண்டு. அப்படிக் கேட்டுச் செய்யச் சொல்லலாம்.

ஜிப்சம் ஃபால்ஸ் சீலிங் போட்ட வீடா? அந்தப் பலகையின் தடிமன் 12.5 மில்லிமீட்டர்தான். அது தன் எடையையே மேலிருந்து வரும் கம்பியில்தான் தொங்கவிட்டிருக்கிறது. அதில் கனமான எதையும் மாட்டக் கூடாது. பலகையைத் துளைத்துக்கொண்டு மேலே போய் ஸ்லாப்பில் ஆங்கர் போட வேண்டும். அப்படி முடியாவிட்டால் காகிதமும் துணியும் மட்டும்.

ஒரு நல்ல செய்தியும் இருக்கிறது. நீளமான ஹாலில் இரண்டு ஃபேன் பாயின்ட் வைத்துவிட்டு ஒன்றில் மட்டும் ஃபேன் மாட்டியிருப்பார்கள். சும்மா இருக்கும் அந்த இன்னொரு கொக்கி, ஓட்டையே போடாமல் கிடைத்த பரிசு. ஒரு ஃபேன் மூன்று முதல் ஐந்து கிலோ வரை இருக்கும். அந்த எடைக்குள் எதை வேண்டுமானாலும் தொங்கவிடலாம். வயரின் நுனியைச் சரியாக டேப் சுற்றி உள்ளே தள்ளியிருக்கிறார்களா என்று மட்டும் எலக்ட்ரீஷியனிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள்.

ஆனால் அந்தக் கொக்கியில் ஆட்களை ஏற்ற வேண்டாம். கொக்கிக் கம்பியை ஸ்லாப் கம்பிக்கு மேலே போட்டுக் கட்டியிருக்கிறார்களா, வெறும் பெட்டியில் செருகியிருக்கிறார்களா என்று கீழிருந்து பார்த்தால் தெரியாது. ஊஞ்சலுக்கு ஆசைப்படுபவர்கள் இன்னொரு கணக்கையும் பார்க்க வேண்டும். ஊஞ்சல் சும்மா நிற்கும்போது 70 கிலோ ஆள் 70 கிலோதான். 30 டிகிரி வரை ஆடினால், கீழே வரும்போது சங்கிலியில் விழும் பாரம் சுமார் ஒன்றேகால் மடங்கு. 60 டிகிரிக்கு வீசி ஆடினால் இரண்டு மடங்கு. பிள்ளைகள் எப்படி ஆடுவார்கள் என்று சொல்லத் தேவையில்லை. வாடகை வீட்டில் ஊஞ்சலுக்கு ஸ்டாண்டோடு வருவதே மேல்.

எங்கே, எவ்வளவு கீழே?

பத்துக்குப் பத்து அறையை எடுத்துக்கொள்வோம். நடுவில் 48 இஞ்ச் ஃபேன். இறக்கை நுனியிலிருந்து எதிர் சுவருக்கு மிச்சம் இருப்பது மூன்று அடிதான். அதே நுனியிலிருந்து மூலைக்கு ஐந்து அடி. அதனால் தொங்கும் பொருளுக்கு மூலைதான் சொந்த இடம். கயிறு எவ்வளவு ஆடும் என்பதையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். ஃபேனை ஐந்தில் வைத்துவிட்டு, ஒரு காலி பிளாஸ்டிக் பாட்டிலை அதே நீளக் கயிற்றில் கட்டி, கையில் பிடித்துப் பார்த்தாலே தெரிந்துவிடும். ஒரு மீட்டர் கயிறு ஒருமுறை போய் வர இரண்டு விநாடி எடுக்கும், கால் மீட்டர் கயிறு ஒரே விநாடியில் படபடக்கும். நீளமான கயிறு நிதானமாக ஆடும், கண்ணுக்கும் சுகம்.

ஒற்றைக் கயிற்றில் தொங்கும் படம் சுற்றிக்கொண்டே இருக்கும், விருந்தாளிக்குத் தாத்தாவின் முதுகுப் பக்க அட்டைதான் தெரியும். படத்துக்கு இரண்டு கயிறு, இரண்டு கொக்கி, இரண்டும் நேராகக் கீழே இறங்க வேண்டும். ஒரே கொக்கியில் முக்கோணமாகக் கட்டலாம் என்றால், அந்த முக்கோணத்தை அகலமாக விரிக்காதீர்கள். இரு கயிறுகளுக்கு நடுவே கோணம் 120 டிகிரி ஆனால், ஒவ்வொரு கயிறும் படத்தின் முழு எடையையும் தாங்க வேண்டிவரும். பாதி பாதியாகப் பிரியும் என்று நினைத்து மெல்லிய கயிறு வாங்கினால் அறுந்துவிடும். மீன்பிடி நரம்பு கண்ணுக்குத் தெரியாது, அழகுதான். ஆனால் ஜன்னல் வெயிலில் பலவீனப்படும், முடிச்சும் வழுக்கும். மெல்லிய ஸ்டீல் வயர் நம்பிக்கையானது.

நடமாடும் வழியில் என்றால் பொருளின் அடிப்பகுதி தரையிலிருந்து ஏழு அடிக்கு மேலே இருக்கட்டும். டைனிங் டேபிள், டிவி ஸ்டாண்டு போல யாரும் நடக்காத இடத்துக்கு மேலே தாராளமாக இறக்கலாம். கட்டிலுக்கு மேலே, தொட்டிலுக்கு மேலே கனமானது எதுவும் வேண்டாம். தலைக்கு மேலே பாரம் தொங்கக் கூடாது என்று வீட்டுப் பெரியவர்கள் வாஸ்து பேரில் சொல்வதில், குறைந்தபட்சம் இந்த ஒரு விஷயத்தில், அர்த்தம் இருக்கிறது.

தூசி? ஜிஎஸ்டி ரோட்டுப் பக்கம் இருப்பவர்கள் கேட்க வேண்டிய கேள்விதான். வாராவாரம் துடைக்க முடியாதென்றால் துணியும் இறகும் வேண்டாம், உலோகம், மூங்கில், ஓடு சரி. தொங்கும் கலைக்கு இந்த ஊரில் முதல் எதிரி பூனையோ குழந்தையோ இல்லை, பொங்கலுக்கு முந்தின வாரம் கையில் ஒட்டடைக் குச்சியோடு வரும் அம்மாதான்.

ஈரம் ஏறும் சுவர்கள்

தாம்பரம் சுற்றுவட்டாரத்துக்கு மட்டும் இதில் இன்னொரு பக்கம் இருக்கிறது. 2015 டிசம்பர் முதல் வாரத்தில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அடையாறு கரையை உடைத்துக்கொண்டு வந்ததில் முடிச்சூர், வரதராஜபுரம் வீடுகளின் தரைத்தளம் மூழ்கியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் பள்ளிக்கரணை, வேளச்சேரி பக்கம் அதே பாடத்தை மறுபடி நடத்தியது. வண்டி, ஃபிரிட்ஜ், கட்டிலுக்கு நிவாரணக் கணக்கு போடலாம். நெகட்டிவ் இல்லாத அந்தக்கால போட்டோக்களுக்குப் போட முடியாது.

வெள்ளம் வடிந்த பிறகும் சுவர் விடாது. செங்கல்லும் பிளாக்கும் தண்ணீரை உறிஞ்சி மேலே ஏற்றும். மாதக்கணக்கில் உப்புப் பூத்து, பெயின்ட் பொருக்குத் தட்டிக்கொண்டே இருக்கும். வெள்ளமே வராத வீட்டில்கூட, மழைச்சாரல் படும் வெளிச்சுவரில் மாட்டிய படத்தின் பின்னால் காற்றுப் போகாமல் பூஞ்சை பிடிக்கும். ஃபிரேமைக் கழற்றிப் பார்த்தால்தான் அட்டை கருத்துப்போயிருப்பது தெரியும். சுவரிலிருந்து ஒரு ஜாண் தள்ளி, மேலிருந்து தொங்கும் படத்துக்கு இரு பக்கமும் காற்று கிடைக்கிறது. அந்தரத்தில் படம் மாட்டுவதற்கு அழகைத் தவிர ஒரு வலுவான காரணம் வேண்டுமென்றால், தென் புறநகருக்கு இதுதான் காரணம். சுவரிலேயே மாட்டியாக வேண்டும் என்பவர்கள், ஃபிரேமின் பின் மூலைகளில் கார்க் துண்டு ஒட்டி அரை இஞ்ச் இடைவெளி விட்டாலும் பலன் உண்டு. தரைத்தளத்தில் இருப்பவர்களுக்கு இன்னொன்று: எதைத் தொங்கவிட்டாலும், போட்டோக்களை முதலில் ஸ்கேன் செய்து வைத்துக்கொள்ளுங்கள்.

உரிமையாளரிடம் எப்படிக் கேட்பது?

சீலிங்கில் ஓட்டை போடுவதும் வீட்டில் செய்யும் மாற்றம்தான். ஆணி கூடாது என்று மட்டும்தானே சொன்னார் என்று வாதாடுவது வேலைக்கு ஆகாது. எத்தனை கொக்கி, எங்கே, யார் வந்து போடப்போகிறார் என்று வாட்ஸ்அப்பில் எழுதிக் கேளுங்கள், “சரி” என்ற பதிலை வைத்துக்கொள்ளுங்கள். கேட்கும்போது சொல்ல ஒரு பாயின்ட் இருக்கிறது. சுவரில் இருப்பது ஒவ்வொரு அறைக்கும் ஒரு கலர், டச்சப் செய்தால் திட்டுத் திட்டாகத் தெரியும். சீலிங் எல்லா வீட்டிலும் வெள்ளை. காலி செய்யும்போது கொக்கியைக் கழற்றி, ஓட்டையில் ஒயிட் சிமென்ட் வைத்துத் தேய்த்து ஒரு கோட் வெள்ளை அடித்தால் இடமே தெரியாது. பல உரிமையாளர்கள் கொக்கியை அப்படியே விட்டுவிடச் சொல்வார்கள், அடுத்து வருபவர் தூளி கட்டுவதற்கு ஆகும் என்று. அதற்கும் மேலே சொன்ன எச்சரிக்கை பொருந்தும். ஐந்து கிலோ படத்துக்குப் போட்ட கொக்கி அது என்று அவரிடம் எழுதிக் கொடுத்துவிட்டு வருவது நல்லது.